இரட்டை விசில்

பைபாஸ் ரோட்டு முக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே என் கால் கிளட்சை விட்டுவிட்டது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அலீம் பாயின் பழைய அம்பாசிடர் ஒரு துள்ளுத் துள்ளி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, குறுக்கே போய்க்கொண்டிருந்த தக்காளித் தள்ளுவண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நிறுத்தியது நானில்லை. பாயின் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக். தள்ளுவண்டிக்காரர் கீழே உருண்ட பழம் ஒன்றைக் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, காரின் முன்மூடிமேல் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

நடந்தது இதுதான். எங்களுக்கு வலப்பக்கம் ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. சிக்னலில் நிற்கிற சாக்கில் இரண்டு பேர் ஓடிவந்து ஏறினார்கள். அவர்கள் ஏறியாயிற்று என்று அந்த பஸ்ஸின் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். விளக்கு மாறவில்லை. பஸ்ஸும் கிளம்பவில்லை. நான் மட்டும் கிளம்பிவிட்டேன்.

மேலூர் ரூட்டில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். பத்தொன்பது வயதில் விசிலை வாயில் வைத்தவன். நின்றுகொண்டே செய்யும் வேலை என்பதால் இடது காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இப்படி நின்றால் அப்புறம் நிற்கவே முடியாது என்று டாக்டர் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலைகளை வரிசையாக யோசித்தேன். கணக்கு எழுத என் கையெழுத்து போதாது. தையலுக்குப் பொறுமை உண்டு, ஊசியில் நூல் கோக்கக் கண் போதாது. அந்தச் சமயம்தான் கீழமாசி வீதியில் கட்டில், பீரோ கடை வைத்திருக்கும் பாதுஷா முதலாளி தன் காருக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்தது. அவருடைய டிரைவர் இந்த மாதக் கடைசியில் குவைத்துக்குப் போகிறான். அதற்குள் லைசென்ஸோடு வந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் பரவையில் ஒருத்தன் காத்திருக்கிறான் என்று முதலாளி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதனால்தான் மதிய ஷிப்ட் முடிந்ததும் இந்தச் சாயங்கால வகுப்பு.

அலீம் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். டிரைவிங் ஸ்கூல் என்பது அவரும், இந்தக் காரும், சிவப்பு, மஞ்சள், பச்சைத் தாள் ஒட்டிய ஓர் அட்டையும். பாடமெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். சிவப்புக்கு நிற்க வேண்டும், பச்சைக்குப் போக வேண்டும், மஞ்சளுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். மஞ்சளைப் பற்றி மட்டும் பாய் வகுப்பில் ஒன்று சொல்வார், ரோட்டில் ஒன்று செய்வார். கேட்டால், அட்டையில் இருக்கிற மஞ்சளுக்குப் பின்னால் லாரி வராது மாப்ள என்பார். ராத்திரி படுக்கும்போது அன்றைக்குச் செய்த தவறுகளை வரிசையாக எழுதிவைப்பேன். மற்ற தவறுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வந்தன. விசில் மட்டும் குறையவில்லை.

மறுநாள் பச்சையில் போய்க்கொண்டிருக்கும்போது எவனோ ஒரு விசில் அடித்தான். பஸ்ஸில் ஒற்றை விசில் என்றால் நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். நடுரோட்டில் நின்றுவிட்டேன். அதற்கடுத்த நாள் ஒரு வீட்டில் குக்கர் சத்தம் கேட்டு பிரேக் போட்டேன். பாய்க்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஊரே கண்ணால ஓட்டுது. நீ காதால ஓட்டுற மாப்ள. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு ரெண்டு காதுலயும் பஞ்சை வச்சு அனுப்புறேன்."

பின்சீட்டில் ஜெயக்கொடி டீச்சர் இருந்தார். திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய கணவர் பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அதை ஓட்டப் பயந்து தினமும் துடைத்துக்கொண்டு மட்டும் இருக்கிறாராம். இவர் ஓட்டக் கற்றுக்கொண்டு அவரை உட்காரவைத்துக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அரை மணி நேரம் நான் ஓட்டும்போது டீச்சர் பின்னால் இருப்பார். அடுத்த அரை மணி நேரம் நான் பின்னால்.

"பஞ்சை வச்சா லாரி ஹாரன் எப்படிக் கேக்கும் பாய்? தம்பியக் கொன்னே போடுவீங்க போல" என்றார் டீச்சர்.

அன்றைக்குப் பின்சீட்டுக்கு மாறியதும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷம் தினமும் போய் வந்த ரோடு. ஆனால் அதை நான் முன்பக்கமாகப் பார்த்ததே இல்லை. என் முகம் எப்போதும் ஆட்களைப் பார்த்திருக்கும், இல்லையென்றால் பின்படியைப் பார்த்திருக்கும். ஊர்கள் எனக்குப் பின்பக்கமாக விலகிப் போனவைதான். கடைசி ஆள் ஏறிவிட்டானா, கிழவியின் கூடை உள்ளே வந்துவிட்டதா என்று பார்ப்பேன், இரண்டு விசில் கொடுப்பேன், வண்டி நகரும். விசில் அடித்தவன் எல்லாவற்றையும் பார்த்திருப்பான் என்பது அதன் அர்த்தம். என் கால் அதைத்தான் நம்புகிறது. எவனோ பார்த்திருப்பான் என்று நம்புகிற கால், எதிரே எரிகிற சிவப்பைப் பார்த்த என் கண்ணை நம்பவில்லை. இது விசிலோடு மட்டும் நிற்கிற கோளாறுதானா என்றுகூடச் சந்தேகம் வந்தது. சட்டை எடுக்கப் போனாலும் பக்கத்தில் நிற்பவர் தலையாட்டினால்தான் எனக்கு அது நல்ல சட்டை.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த டீச்சரிடமே இதைச் சொன்னேன். அவர் கியரை மாற்றிவிட்டு, திரும்பாமலே பதில் சொன்னார்.

"கண்டக்டர் நீங்கதானே? அந்த வண்டிக்கு அவன் விசில் குடுக்குறான். இந்த வண்டிக்கு நீங்க குடுங்க. விளக்கைப் பாத்து வாயால சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கால் எடுக்கணும்."

சொல்லிப் பார்த்தேன். சிவப்பென்றால், பஸ்ஸை நிறுத்த நாங்கள் சொல்கிற "ஓல்டேன்". பச்சையென்றால், இரண்டு பக்கமும் பார்த்த பிறகு "ரைட்". முதல் நாள் வாய் முந்தியது, கால் பிந்தியது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனால் என்னைக் கழுவி ஊற்றினார்கள். நாலைந்து நாளில் இரண்டும் சேர்ந்து வர ஆரம்பித்தன. ஆனால் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறவனுக்கு எந்த அதிகாரி லைசென்ஸ் கொடுப்பார்? வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மனசுக்குள் சொன்னது காலுக்குக் கேட்கவில்லை.

டெஸ்ட் அன்றைக்கு எட்டுப்போட்டு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறினார். பாயும் நானும் பின்னால். டீச்சர் முதலில் ஓட்டி, வடம் பிடித்த தேர் மாதிரி நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்து நான். இன்ஸ்பெக்டர் நேராக பைபாஸ் முக்குக்கே போகச் சொன்னார்.

முக்கை நெருங்கும்போது பச்சை எரிந்தது. ரைட் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது விளக்கு அணைந்தது. மஞ்சளும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. ஓரத்து ஜவுளிக்கடையில் மின்விசிறி சுற்றி ஓய்வது தெரிந்தது. கரண்ட் போய்விட்டது.

நின்றுவிட்டேன். அட்டையில் இப்படி ஒரு நிறம் இல்லை. வலப்பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தால், அது எங்கள் பஸ். எனக்கு மாற்றாகப் போகிற சின்னச்சாமி படியில் தொங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். பிறகு படியில் ஏறிய பெண்ணை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு விசில் கொடுத்தான்.

என் கால் கிளட்சிலேயே இருந்தது. பஸ் ஒரு பாய்ச்சல் முன்னால் போய், குறுக்கே வந்த மாட்டுவண்டிக்காகச் சடக்கென்று பிரேக் போட்டது. உள்ளே அத்தனை பேரும் ஒரே குரலில் டிரைவரைப் பெற்றவளை விசாரித்தார்கள்.

"லைட்டுதான் இல்லையே. ஏன் நிக்கிற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் மாட்டுவண்டி, அதன் பின்னால் ஒரே சைக்கிளில் மூன்று பேர். இடப்பக்கம் குடத்தோடு ஒரு பெண், வருவதா வேண்டாமா என்று ஒரு காலை மட்டும் கீழே வைத்திருந்தாள். எதிரே டீக்கடையிலிருந்து போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வேகமாக நடந்து வந்தார். வந்து மேடையில் ஏறி, அந்தப் பக்கத்தை ஓர் உள்ளங்கையால் நிறுத்தி, எங்கள் பக்கம் திரும்பி விரல்களை அசைத்தார். குடத்துக்காரி காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். சைக்கிள் நின்றது. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"ரைட்" என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. பஸ்ஸில் சொல்கிற அதே சத்தம். பின்சீட்டில் பாய்க்கு இருமல் வந்தது. கார் நகர்ந்தது, துள்ளாமல்.

முக்கைத் தாண்டிய பிறகு இன்ஸ்பெக்டர் கேட்டார். "யாருக்குப்பா ரைட்டு?"

"எனக்குத்தான் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று பார்க்கலாமென்றால் என் கண் ரோட்டில் இருந்தது. எடுக்க மனமும் இல்லை. அவர் மடியில் என் தாள் இருந்தது, பேனாவின் மூடி இன்னும் கழற்றப்படவில்லை. ஆபீஸ் தெருவுக்குள் வலப்பக்கம் திரும்பு, கையைக் காட்டு என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வைக்கோல் லாரி ஒன்று, ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு, பெரிய மலை அசைகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. இதற்கு என் கை எம்மாத்திரம் என்று தோன்றியது. ஆனாலும் நீட்டினேன். தோள் உயரத்தில், உள்ளங்கை முன்னால் பார்க்க, நேராக. லாரி ஒரு பெருமூச்சு விட்டு வேகத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. பிறகு முழுசாக நின்றது. அதன் உச்சியிலிருந்து பிரிந்த வைக்கோல்கள் வெயிலில் மின்னிக்கொண்டு பறந்துவந்து, நீட்டிய என் கைமேலும் சட்டை மடிப்பிலும் ஒவ்வொன்றாக விழுந்தன.