மழித்தாலும் முளைக்கும் சுழி

கிணற்று மோட்டார் காணாமல் போன காலையில் ஊர் முதலில் பார்த்தது என் மூஞ்சியைத்தான்.

அது பங்குக் கிணறு. பாதி எனக்கு, பாதி நாராயணசாமிக்கு. அவர் ஏதோ ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சட்டைப்பையில் பேனா இல்லாமல் கழனிக்குக்கூட வரமாட்டார். என் பங்கை எழுதிக் கொடுத்துவிடு என்று ரொம்ப நாளாக நச்சரித்தார். மாட்டேன் என்றேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற என் கரும்பு அந்தத் தண்ணியில்தான் நிற்கிறது. தண்ணியை விற்றுவிட்டுக் கரும்புக்கு எச்சிலா துப்புவது?

மோட்டார் போனதும் அவரே ஸ்டேஷனுக்குப் போய் என் பேரைச் சொல்லிவிட்டார். "ஆதிமூலந்தாங்க சார். கைநாட்டுப் பய. இரும்புக் கடையில போட்டுட்டு வந்திருப்பான்."

சுத்துப்பட்டு ஊர்களிலும் மோட்டார் திருட்டு நடந்துகொண்டிருந்ததால் கள்ளக்குறிச்சியிலிருந்து ரேகை எடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். ஜெயசுதா என்று பேர். மோட்டார் கொட்டாயில், ஒயரைக் கழற்றத் திருடன் திறந்திருக்க வேண்டிய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் கருப்புப் பவுடரைத் தூரிகையால் தடவினாள். வெறும் தகரத்தில் ஒரு கட்டைவிரல் எழும்பி வந்தது.

"விரல் வேர்வையும் பிசுக்கும் ஒட்டுன எடத்துல பவுடர் புடிச்சிக்கும்" என்றாள். "பாருங்க, நடுவுல சுத்திச் சுத்திப் போவுது. இது சுழி."

அந்தப் பெட்டியைத் திறக்கிறவன் எலக்ட்ரீசியன் சாம் ஒருத்தன்தான். அவன் ரேகையை அன்றைக்கே எடுத்துப் பார்த்து, இது இல்லை என்று கழித்துவிட்டார்கள். எனக்குக் கரண்ட் என்றால் பயம். வெளியே பச்சைப் பொத்தானை அமுக்குவதோடு சரி. நாராயணசாமியோ, பெட்டியை ஆயுசில் திறந்ததே இல்லை என்று எழுதி, அடியில் சுழித்துச் சுழித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவர் ரேகையைக் கேட்டதற்கு, "நான் கையெழுத்துப் போடறவம்மா. கைநாட்டு வெக்கிற ஆளு அதோ நிக்கிறான்" என்று என்னைக் காட்டினார். எஸ்.ஐ.யும், பெரிய மனுஷன், விடும்மா என்றார்.

ஸ்டேஷனில் என் விரலில் மை தடவி உருட்டினார்கள். பேப்பரில் விழுந்தது ஒரு கருப்புத் திட்டு. மறுபடி உருட்டினார்கள். மறுபடி திட்டு.

"இன்னாய்யா, ஆசிட்ல கழுவினியா?" என்றார் எஸ்.ஐ.

"கரும்புச் சோகை உரிச்சி உரிச்சித் தேஞ்சி போச்சிங்க. ரேஷன் கடை மிஷினுகூட நான் ஆதிமூலம் இல்லன்னுதான் சொல்லுது. ஒங்க கையக் குடுங்க, ஒரு வருசம் எங்கிட்ட இருக்கட்டும். இதே மாதிரி பண்ணித் தரேன்."

"வாய் ஜாஸ்தியா இருக்குது. ரேகை இல்லாதவனுக்குத் திருட்டு சுலபம்யா."

"சார், ரேகையே பதியாத விரலு எப்படி இவ்ளோ தெளிவா ஒரு சுழிய விட்டுட்டுப் போவும்?" என்றாள் ஜெயசுதா.

"திருடிட்டு அப்புறம் தேச்சிருப்பான். ரேகை வரலேன்னா கேஸு இவன் மேலதான்."

அந்தப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஐயா, மேல்தோலு மட்டுந்தான் தேஞ்சிருக்கு. ரேகையோட அச்சு அடித்தோல்ல இருக்கு. அம்மா வயித்துல இருக்கும்போதே விழுந்த அச்சு. கைக்கு வேலை குடுக்காம வுட்டா, மேல்தோலு அதே அச்சுல திரும்ப வளரும். வளத்துக்கினு வாங்க."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். அரசாங்கம் ஒன்றை வளர்த்துக்கொண்டு வா என்றால், அறுக்கத்தான் கேட்கும். என் வீட்டுக்காரி ஆண்டாளும், "வளக்காத. வந்ததும் இதான் அதுன்னு சொல்லிப்புடுவானுங்க" என்றாள்.

ஆனால் சுழி என்ற வார்த்தை என்னை விடவில்லை. நான் சுழி பார்த்து மாடு வாங்குகிறவன். சந்தையில் தரகன் கெட்ட சுழியைப் பிளேடால் மழித்துவிட்டு, மாடு மரத்தில் உரசிக்கொண்டது என்பான். நம்பி ஓட்டிவந்து கட்டினால், கொஞ்ச நாளில் மயிர் அதே இடத்தில், அதே திக்கில் சுற்றிக்கொண்டு முளைக்கும். கன்று வயிற்றில் இருக்கும்போது விழுந்த சுழி அது. எவன் மழித்தாலும் மாறாது. அந்தப் பெண் சொன்னதில் அரசாங்கம் இல்லை, மாடு இருந்தது. அதனால் நம்பினேன். திருடாதவன் விரலில் திருடன் சுழி முளைக்காது.

அந்த நேரம் பார்த்து ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. என் கரும்பை வேறு ஆள்கள் வெட்ட, நான் தேங்காய் எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மாப்ள, தாலி கட்டற வரைக்கும் கையில அழுக்குப் படக் கூடாதா?" என்று ஆண்டாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"நலங்கு வெக்கிறவ நீதானே, வந்து எண்ண தடவு" என்றேன். வெட்டு ஆள்கள் சிரித்தார்கள். எனக்குக் கைதான் அரித்தது.

கரும்பு லாரி போய் வெகு நாள் கழித்து, ஒரு காலை விரலை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். உழுது விட்ட கழனி மாதிரி வரிவரியாக எழும்பியிருந்தது.

ஸ்டேஷனில் மை உருட்டினார்கள். ஜெயசுதா லென்சை வைத்துக் குனிந்தாள். "எல்லாம் வில்லு மாதிரி வளைஞ்ச ரேகை சார். பத்து விரல்லயும் ஒரு சுழிகூட இல்ல. இது ஐயா ரேகை இல்ல."

கேஸ் எழுதுவதைப் பார்க்க நாராயணசாமியும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகம் சுண்டியது.

"இன்னொரு பங்குதாரர் ரேகை பாக்கி" என்றாள் அவள்.

"அன்னைக்கே சொல்லிட்டேனேம்மா. கைநாட்டு வெக்க நான் இன்னா படிக்காதவனா?"

"வெய்ங்க சாமி" என்றேன். "மை கழுவுனா போயிடும். நான் ஆயுசு பூரா வெச்சிக்கினு இருக்கேன், செத்தா பூட்டேன்?"

"ஒரு விரல்தானே சார், வெச்சிட்டுப் போங்க" என்று எஸ்.ஐ.யும் சொல்லிவிட்டார். நாராயணசாமி பேனாவைப் பையில் செருகிவிட்டுக் கட்டைவிரலை வைத்தார். பேப்பரில் சுழி விழுந்தது.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. எந்த வரி பிரிகிறது, எந்த வரி நின்றுபோகிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். "மேலதிகாரியும் ஒரு தடவ பாக்கணும் சார். ஆனா எனக்குச் சந்தேகமில்ல."

"எப்பனா... தெரியாம தொட்டிருப்பேன்" என்றார் நாராயணசாமி.

"ஆயுசுல தொறந்ததே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் எஸ்.ஐ.

தேடிப் போனபோது மோட்டார் நாராயணசாமியின் மாட்டுக் கொட்டகையில், சோளத்தட்டைப் போருக்கு அடியில் இருந்தது. தண்ணி நின்றால் நான் பங்கை விற்றுவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

கிளம்பும்போது ஜெயசுதாவிடம், "என் ரேகைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? குடு" என்றேன். கேஸ் முடிந்ததும் கேளுங்க என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கேட்கத்தான் போகிறேன்.

சாம் மோட்டாரை மாட்டி முடித்ததும் ஊரே நின்று பார்த்தது. பச்சைப் பொத்தானைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி அமுக்கினேன். பதியட்டும்.

தண்ணி வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வெட்டின கட்டையில் துளிர்த்திருந்த மறுதாம்புக் கரும்புக்கு மடை திருப்பப் போனேன்.