மரை சேராத நிப்பிள்

லாரல் ஓடைக் கிளப்பின் சுடுதிடலில் டென்சில் கோகர் வைத்ததுதான் சட்டம். திடல் பொறுப்பாளருக்கான சிவப்புத் தொப்பியோடு அவர் நின்றுவிட்டால், அவர் கை உயரும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடமாட்டார்கள். மேற்கு வர்ஜீனியா மலைகளில் அந்த மாதிரிக் கிளப்புகள் நிறைய உண்டு. குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைக் குச்சியால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய பாணித் துப்பாக்கிகள்தான் அங்கே எல்லோரிடமும். அவற்றோடு கவனக்குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று டென்சில் ஆண்டுதோறும் புதியவர்களுக்கு வகுப்பெடுப்பார். கொஞ்சம் கடுமையாகத்தான் எடுப்பார்.

அக்டோபர் போட்டியன்று காலையில் வீட்டில் துப்பாக்கியைத் துடைக்கும்போது, நிப்பிளின் முனை தேய்ந்து, நடுவிலிருந்த ஊசித்துளை அகலமாகிவிட்டதைப் பார்த்தார். குழலின் அடிப்பகுதியில் திருகி வைத்திருக்கும் சிறு இரும்புக் குமிழ் அது. அதன் தலையில் வெடிமருந்து வைத்த சிறு செம்புக் கேப்பைச் செருகி, விசையை இழுத்தால் சுத்தியல்போன்ற குதிரை கேப்பின்மேல் விழும். கேப் வெடிக்கிற நெருப்பு நிப்பிளின் துளைவழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். துளை பெரிதாகிவிட்டால் உள்ளே வெடிக்கிற வேகம் அதன்வழியாகவே பின்னுக்குச் சீறும்.

டப்பாவைக் கிளறி இன்னொரு நிப்பிளை எடுத்தார். மைத்துனரின் இத்தாலியத் துப்பாக்கிக்கு வாங்கி மிஞ்சியது. பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றேதான். ஆனால் அதன் மரை, திருகிப் பொருத்தும் வரிப்பள்ளம், மில்லிமீட்டர் கணக்கில் வெட்டியது. டென்சிலின் உள்ளூர்த் துப்பாக்கியில் இருந்ததோ அங்குலக் கணக்கு. உள்ளே திருகியபோது ஆடுகிற பல்லைப்போல அசைந்தது. சரியானதை வரவழைக்க ஒரு வாரமாவது ஆகும். போட்டியோ இன்றைக்கு. சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வாங்கிய வெள்ளை டேப் மேசையில் கிடந்தது. நிப்பிளின் மரையில் அதை இரண்டு சுற்றுச் சுற்றித் திருகினார். கெட்டியாக உட்கார்ந்தது. கொல்லைப்புறத்தில் குறைந்த மருந்து போட்டுச் சில தடவை சுட்டுப் பார்த்தார். தாங்கியது.

திடலில் மார்லீன் டீட்டரின் துப்பாக்கி வெடிக்க மறுத்தது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பது வயது இருக்கும். அந்த வசந்தத்தில்தான் கிளப்பில் சேர்ந்திருந்தாள். கேப்பை நிப்பிளில் வைத்தால் மணியின் நாக்குபோல ஆடி, கீழே விழுந்துகொண்டே இருந்தது.

டென்சில் வந்து பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன கேப்பு வாங்கின?" என்றார்.

"கடையில இதான் இருந்துச்சு. எல்லாம் ஒரே அளவுதானே?"

"ஒரே அளவா? உன் துப்பாக்கியில இருக்கிறது சின்ன நிப்பிள். நீ வாங்கியிருக்கிறது படைத் துப்பாக்கிக்குப் போடுற பெரிய கேப்பு. இங்க பாரும்மா, பார்த்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. கேப்பும் சேராது, மரையும் சேராது. தெரியாம எதையாவது மாட்டிக்கிட்டு வந்தா ஒருநாள் கண்ணுல வாங்குவ."

மார்லீனின் முகம் சிவந்தது. டென்சிலின் நண்பர் ஹோபார்ட், "விடுப்பா, பஸ்ஸுக்கு டயரு மாத்துறதுன்னு நினைச்சுட்டாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அவள் முகத்தைப் பார்த்தபின் டென்சிலுக்கே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதாகப் பட்டது. "சரி, இந்தச் சுற்றுக்கு என்னோடதை எடுத்துக்க" என்று தன் துப்பாக்கியை நீட்டினார். நீட்டும்போது வெள்ளை டேப் நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. காலையிலிருந்து தாங்குகிறதே என்று நினைத்தார்.

மார்லீன் அவருடைய அளவுக்குழாயில் மருந்து அளந்து ஊற்றினாள். குண்டை இறக்கினாள். அவர் கொடுத்த கேப்பைச் செருகிக் குறிபார்த்துச் சுட்டாள். இரண்டாம் தடவையும் சுட்டாள். மூன்றாம் தடவை சத்தம் வேறுமாதிரி கேட்டது. குதிரை பின்னுக்கு எகிறியது. கன்னத்துப் பக்கமாக ஒரு தீநாக்கு சீறியது. தலைக்கு மேலிருந்த தகரக் கூரையில் எதுவோ டணாரென்று துளைத்துக்கொண்டு போனது. மார்லீன் பலகைமேல் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் வலதுபக்கம் சிதறியிருந்தது. புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது. கண் தப்பியிருந்தது.

ஓடிவந்த டென்சில் முதலில் கேட்டது இதைத்தான்: "எவ்வளவு மருந்து போட்ட?"

"நீங்க குடுத்த அளவுல ஒண்ணு."

"ஒண்ணுதானா? நடுவுல யார்கூடவோ பேசிட்டிருந்தியே."

மார்லீன் கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு யோசித்தாள். "ஒண்ணுதான்னு... நினைக்கிறேன்" என்றாள்.

எல்லோரும் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். டென்சில் துப்பாக்கியைத் தனியே எடுத்துப்போனார். நிப்பிள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதன் விளிம்பில் கருகிய வெள்ளை நூல்போல டேப்பின் துணுக்கு ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்து, உருட்டி, புல்லில் போட்டார். செய்தபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அப்போதும் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். "ரெண்டு தடவை மருந்தைக் கொட்டிருக்காங்க, வேற என்ன" என்று ஹோபார்ட் சொல்லிக்கொண்டிருந்தார். டென்சில் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

புருவத்தில் போட்ட தையலைப் பிரித்த அன்றே மார்லீன் அவர் வீட்டுக்கு வந்தாள். கையில் துணி மூடிய தட்டு. காரமான இறைச்சித் துண்டுகளை மாவுக்குள் வைத்து அவளே சுட்ட பெப்பரோனி ரோல்கள், இன்னும் சூடாக இருந்தன. டென்சிலின் மனைவி இர்மா அவளை உட்காரவைத்துக் காபி ஊற்றினாள்.

"உங்க துப்பாக்கியைப் பாழாக்கிட்டேன், டென்சில்" என்றாள் மார்லீன். "நீங்க எவ்வளவு பத்திரமா வச்சிருந்தீங்க. எனக்கு நேராப் பாக்கவே கூச்சமா இருக்கு."

"பரவாயில்ல" என்றார் டென்சில்.

"நான் இனி வரமாட்டேன். என் துப்பாக்கியையும் சித்தப்பா பையன்கிட்ட குடுத்துட்டேன். ஒண்ணா ரெண்டான்னு நினைவில்லாதவ அங்க நிக்கக்கூடாது. பக்கத்துல யாராவது இருந்திருந்தா?"

இர்மா அவள் கையைப் பிடித்தாள். "இப்படி வந்து சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லு" என்று கணவனைப் பார்த்தாள்.

டென்சில் மேசைத்துணியின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சுட்டன. சொல்ல வாய் திறந்தார். "பட்டாணி போட்டாச்சா தோட்டத்துல?" என்று கேட்டார். பட்டாணி போடுகிற காலமே அல்ல. மார்லீன் ஒருமாதிரி சிரித்துவிட்டு எழுந்தாள். வாசலில் அவள் வண்டி கிளம்பும்வரை அவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. இர்மா தட்டில் இரண்டு ரோல்களை எடுத்து வைத்தாள். வைத்தவள் பார்த்துக்கொண்டே நின்றதால் தின்றார். காபியை ஊற்றி இறக்கினார்.

அதற்குப் பின்னால் ஒருநாள் தீவனக் கடையில் ஹோபார்ட்டைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா? பஸ்ஸுல பசங்க மார்லீனை 'டபுள்'னு கூப்பிடுதுங்களாம்" என்றார் ஹோபார்ட், மூட்டையில் சாய்ந்துகொண்டு. "பின்ன? ரெண்டு தடவை ஊத்துற ஆளு, ஒரே நிறுத்தத்துல ரெண்டு தடவை நிறுத்துமான்னு."

டென்சிலும் சிரித்தார். தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தது.

"இதுல இன்னொண்ணு இருக்கு. யாரோ ஒரு அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கு. மருந்து போட்டது நினைவில்லாதவ கையில பிள்ளைங்களை எப்படி அனுப்புறதுன்னு. மறுபடி வண்டி ஓட்டுற பரீட்சை வைக்கிறாங்களாம்."

டென்சில் வாங்க வந்ததை வாங்காமலே வண்டியை எடுத்தார்.

பேருந்துக் கொட்டகையில் மார்லீன் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினாள். புருவத்தைக் குறுக்கே வெட்டி ஒரு செங்கோடு.

டென்சில் நின்றபடியே சொன்னார். நிப்பிள் வேறு துப்பாக்கியுடையது என்றார். மரை சேரவில்லை, டேப் சுற்றினேன், கொடுக்கும்போது நினைவிருந்தது என்றார். டேப் துணுக்கைச் சுரண்டிப் புல்லில் போட்டதையும் சொன்னார். "நீ ஒரு தடவைதான் ஊத்தின. ரெண்டு ஊத்தியிருந்தா குண்டு மேலயே நின்னிருக்கும், குச்சி அவ்வளவு இறங்காது. குச்சி இறங்கின ஆழத்தை நான் பார்த்தேன். ஒண்ணுதான்."

மார்லீன் ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நான் கொண்டுவந்த ரோலைச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"எல்லாத்தையுமா?"

"இர்மாவும் சாப்பிட்டா."

அவள் தலையை ஆட்டினாள். "ரத்தம் வழிஞ்சிட்டிருந்தப்போ நீங்க என் கண்ணைப் பாக்கலை. எவ்வளவு மருந்துன்னு கேட்டீங்க. நான் அதை உங்க அக்கறைன்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் முழிச்சு, ஒண்ணு ஊத்தினேனா ரெண்டு ஊத்தினேனான்னு கையை ஆட்டி ஆட்டிப் பாத்திருக்கேன். பஸ்ஸுல ஏறி உக்காந்தா பிரேக்கை மிதிச்சேனான்னு எனக்கே சந்தேகம் வருது."

"மன்னிச்சிடு, மார்லீன்."

"என்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துலயும் சொல்லுங்க." மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டாள். சிதறியது அவர் காலணியில் பட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் பள்ளி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

கிளப் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில் நடந்தது. புதியவர்களுக்கு எச்சரிக்கையாக மார்லீன் கதையையே சொல்லலாம் என்று ஹோபார்ட் தொடங்கினார். டென்சில் எழுந்தார். கையில் சிவப்புத் தொப்பி இருந்தது. நிப்பிளிலிருந்து புல்லில் போட்ட துணுக்குவரை எல்லாவற்றையும் சொன்னார்.

"டேப்பா?" என்றார் ஹோபார்ட் கடைசியில். "குழாய்க்குச் சுத்துற டேப்பா?"

"ஆமா."

"எங்களை எல்லாம் வரிசையா நிக்கவச்சு மரையைப் பத்தி வகுப்பெடுத்தியே, ஐயா."

டென்சில் தொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். யாரும் அவரை வெளியேறச் சொல்லவில்லை. யாரும் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.

மார்லீனின் பரீட்சையைப் பள்ளி கைவிட்டது. லாரல் ஓடைக்கு அவள் திரும்பவில்லை. கொடுத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பில் சேர்ந்தாள் என்று பிறகு தெரிந்தது.

டென்சில் துப்பாக்கியை மராமத்துக்காரரிடம் கொடுத்து, குழலின் ஓட்டையில் புது மரை வெட்டி, அதற்கேற்ற நிப்பிளைப் போட்டுக்கொண்டார். வசந்தப் போட்டியில் தொப்பி ஹோபார்ட் தலையில் இருந்தது. எல்லோருடைய துப்பாக்கியையும் மேலோட்டமாகப் பார்த்து அனுப்பியவர் டென்சில் முறை வந்ததும், "நிப்பிளைக் கழட்டிக் காட்டு" என்றார். பின்னால் வரிசை நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். டென்சில் பையிலிருந்து திருகுசாவியை எடுத்து, தலை நிமிராமல், நிப்பிளைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தார்.