மெத்தைக்குப் பின்னால் ஏசி

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. குளிர் மட்டும் வந்தபாடில்லை. மருமகள் ரிமோட்டில் அமுக்காத பட்டன் இல்லை. வடிகட்டியைக் கழற்றித் தூசி போகக் கழுவி, காயவைத்து மாட்டியும் பார்த்துவிட்டாள். அறை அடுப்பில் வைத்த டப்பா மாதிரி கொதித்தது.

கட்டிலில் மாமனார். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.

"யாராவது ஒரு விசிறி கொடுத்தா நல்லாருக்கும்" என்றார், சுவரைப் பார்த்து.

வீட்டிலிருந்த 'யாராவது' அவள் ஒருத்திதான். குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து அவருக்கு இந்தப் பேச்சு. மருமகள் தரையை ஈரமாக விட்டுவிட்டாள் என்று மகனிடம் சொன்னார். அவள் இல்லவே இல்லை என்றாள். அதோடு முகம் பார்த்துப் பேசுவது நின்றது. அவளோ மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, சோறும் மாத்திரையுமாக அவரோடு அடைந்து கிடந்தாள். கொஞ்சம் வெளியே போய் வருகிறேன் என்று வாயெடுத்தால் போதும், "அப்பாவை யாரு பாத்துக்குவா?" என்பான் கணவன்.

மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

"நாளைக்குதான் வர முடியும்க்கா. அதுக்குள்ள வெளிய இருக்கிற யூனிட்டை ஒருவாட்டி பாருங்க. அது சூட்டை வெளிய தள்ளணும். முன்னாடி எதையாவது அடைச்சு வச்சிருந்தா உள்ள எங்கிருந்து குளிரும்?"

போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு, சமையலறை வழியாகப் பின்பக்க பால்கனிக்குப் போனாள். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத இடம். அதிலும் பாதியைக் கணவனின் பழைய சாமான்கள் பிடித்துக்கொண்டிருந்தன. உடைந்த நாற்காலி, அட்டைப் பெட்டிகள், யூனிட்டின் முகத்தோடு முகமாக ஒரு பழைய மெத்தை. அதன் பின்னால் யூனிட் மூச்சு முட்டி உறுமியது.

மெத்தையைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். வந்தது, ஆனால் அவள் சொன்ன பக்கம் வரவில்லை. தள்ளாடித் தள்ளாடி, வெளியே திறந்திருந்த கதவின் மேலேயே சாய்ந்தது. டமார்! உள்ளே கொண்டி விழும் சத்தம் கேட்டது. அடித்துச் சாத்தினால் தானாக விழுகிற கொண்டி அது. மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று கணவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மெத்தையைப் புரட்டி ஓரமாக நிறுத்திக் கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. விடுதலையான யூனிட், அடக்கி வைத்திருந்த சூட்டையெல்லாம் அவள் காலில் ஊதியது. எதிரே பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னலில்லாத சுவர். நாலு மாடி கீழே வண்டிகள் நின்றன. ஆள் நடமாட்டம் இல்லை. கத்திப் பார்த்தாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

படுக்கையறைச் சுவரில் ஏசி குழாய் நுழைகிற ஓட்டை கண்ணில் பட்டது. அதைச் சுற்றிப் பூசியிருந்தது உதிர்ந்துபோயிருந்தது. மண்டியிட்டு வாயை அதில் வைத்தாள்.

"மாமா! பால்கனில மாட்டிக்கிட்டேன். கொண்டி விழுந்துடுச்சு!"

உள்ளேயிருந்து சந்தோஷமான குரல் வந்தது. "அட, குளிர ஆரம்பிச்சிடுச்சே!"

"மாமா, கேக்குதா?"

"யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு."

"யாரோ இல்ல, நான்தான்! இங்க நெருப்பா கொதிக்குது. வெளிய போகத்தான் விட மாட்டேங்கிறீங்க, இப்ப உள்ளயும் வர முடியல!"

கடைசி வாக்கியம் தானாக வந்துவிட்டது. கோபித்துக்கொண்டாரோ என்று காதை ஓட்டையில் வைத்தாள்.

"எங்கம்மா நிக்கிற?" என்றது ஓட்டை.

"ஏசிக்குப் பக்கத்துல."

"இரு, அவனைக் கூப்பிடுறேன்." பிறகு, "எடுக்க மாட்டேங்கிறான்." பிறகு, "சரி, நானே வரேன்."

"வேண்டாம் மாமா, கால்!"

"கால் என்னோடதுதானே?"

அவரைக் குளியலறைக்குத் தள்ளிப்போகிற சக்கர நாற்காலி கட்டிலருகே கிடந்தது. அது உருளும் சத்தம் கேட்டது. நின்றது. எதிலோ இடித்தது. பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்தது. "சனியனே" என்றார், பாத்திரத்தைத்தான். மனிதர் மறுபடி விழுந்துவிட்டால் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். சாயங்காலம்வரை யாருக்கும் தெரியாது. மெத்தையும் சுவரும் அவளை நோக்கி நகர்ந்து வருவது போலிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கைத்தடி கதவில் தட்டியது. நழுவியது. மறுபடி தட்டியது. கொண்டி எகிறியது.

நாற்காலியில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார், மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு.

"முதல்ல தண்ணியக் குடி" என்றார், அவள் முகத்தைப் பார்த்து.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொம்பு முழுக்கக் குடித்தாள். அவர் கழுத்தை நீட்டிப் பால்கனியை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு குப்பையும் யாரு சேர்த்தது?"

"உங்க பிள்ளைதான்."

"அவங்கம்மா புத்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வலியோடு சிரித்தார்.

அறைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். அறை ஜில்லென்றிருந்தது. உட்காரலாம் என்று நினைத்தவள் நான்கு சுவரையும் பார்த்ததும் வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"மாமா, கொஞ்சம் கீழ போயிட்டு வரேன்."

அவர் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி, பிறகு அவள் பக்கமே திரும்பினார்.

"போனைக் கையோட எடுத்துட்டுப் போ. கதவைச் சாத்து, குளிர் போயிடும்."

தெருவில் இறங்கியவளுக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. முனைவரை நடந்தாள். போகிறவர் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாத்திரை நேரம் வந்ததும் திரும்பிப் படியேறினாள். மறுநாளும் போனாள், அன்று யாரிடமும் கேட்கவில்லை.