அடுத்தது உன் ரிக்கார்டு

மூன்றாவது பாட்டின் நடுவில் வெர்லீனின் குரல் உடைந்துவிட்டது. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்த தயாரிப்பாளர் ஹாலிஸை நிமிர்ந்து பார்த்து, "சார், இன்னொரு தடவை பாடிடறேன்" என்றாள்.

"வேண்டாம், விடு. அந்தம்மா கேட்டுக் கத்துக்கத்தானே? இது போதும்."

அந்தம்மா என்பது லண்டனிலிருந்து வந்திருந்த ஜூலியா ஃபேன். துள்ளலான காதல் பாட்டுகள் பாடிப் பெயர் வாங்கியவள். இனி அதெல்லாம் வேண்டாம், இங்கே கறுப்பர்கள் பாடுவதுபோல அடிவயிற்றிலிருந்து பாட வேண்டும் என்று மெம்ஃபிஸுக்கு வந்துவிட்டாள். வந்த பிறகோ, வாத்தியக்காரர்களுக்கு எதிரில் அவளுக்கு வாயே திறக்கவில்லை. அதனால் பின்பாட்டுக்காரி வெர்லீன் எல்லாவற்றையும் முதலில் பாடிக் கொடுப்பது, ஜூலியா அந்த ஒலிநாடாவை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்க் கேட்டுக் கேட்டுப் பாடிக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. "இது முடியட்டும், அடுத்தது உன் ரிக்கார்டுதான்" என்றார் ஹாலிஸ். சில வருஷமாகவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலியா கெட்டவளில்லை. பயத்தில் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து வெர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இப்படிப் பாடறீங்க? எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள். வெர்லீன் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வியட்நாமிலிருந்து மகன் ராய்ஸின் சவப்பெட்டி வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாட்டில் 'ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு' என்று காதலனைக் கெஞ்சும் வரி ஒன்று இருந்தது. அங்கேதான் உடைந்தது.

அடுத்த வசந்தத்தில் இசைத்தட்டு வந்தது. நாத்தனார் ஒடெஸாவின் பார்லரில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தபோது வானொலியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். அதே வரி. அதே இடத்தில் ஜூலியாவின் குரலும் உடைந்தது. எச்சில் விழுங்கும் சத்தம் முதற்கொண்டு அப்படியே இருந்தது.

சுருள்முடியை நீவி நேராக்கும் சூடான சீப்பைக் கையில் பிடித்தபடி ஒடெஸா நின்றுவிட்டாள். "அடியம்மா! அந்த வெள்ளைக்காரிக்கு உள்ள என்னவோ பெரிய துக்கம் இருக்கு அண்ணி. இல்லன்னா இப்படி வருமா?"

"இருக்கும்" என்றாள் வெர்லீன். வேறென்ன சொல்வது? வாயைத் திறந்தால் பிள்ளையும் பார்லர் பேச்சாகிவிடுவான்.

மறுநாள் ஹாலிஸிடம் போய் நின்றாள். "அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம் சார்."

"பைத்தியமா உனக்கு? பத்திரிகைக்காரங்க அந்த இடத்துக்குத்தான் உருகறாங்க. பெருமைப்படு." பிறகு சாவகாசமாக, "திங்கக்கிழமை சிகாகோலேர்ந்து ஒரு பொண்ணு வருது. கொஞ்சம் பாடிக் காட்டிடு" என்றார்.

"என் ரிக்கார்டு?"

"இது முடியட்டும்."

திங்கட்கிழமை போனாள். பாடினாள். சுருதி பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு உடைஞ்சுதே, அந்த மாதிரி கொஞ்சம் குடேன்" என்றார் ஹாலிஸ். மறுபடியும் பாடினாள். முன்போலவே துளி பிசகில்லை. அவர் விரலைச் சுழற்றி, இன்னொரு தடவை என்றார். வெர்லீன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது.