பாதியில் நின்ற பார்லோ

காலையிலிருந்து வென்டல் ஷ்ரீவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் நீள மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மட்டும் காப்பி ஊற்ற எழுந்தான், ஜன்னல் பக்கம் போனான், வண்டி விளக்கை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வந்தான். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் மறுபடி காப்பி.

ஹெம்லாக் ஃபால்ஸ் மடக்குக்கத்திச் சங்கம் வருடத்துக்கு ஒரு கத்தி செய்யச் சொல்லும். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலை, சங்கம் கேட்ட மாதிரியில் நாற்பது கத்தி செய்து, கைப்பிடியில் வருடத்தைப் பொறித்து, மே மாதம் முதல் சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடும். எந்த மாதிரி என்று முடிவு செய்வது அக்டோபரில். மான் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டால் ஒருவரையும் பிடித்து உட்கார வைக்க முடியாது.

இந்த முறை இரண்டு மாதிரிகள் மிஞ்சியிருந்தன. ஒன்று பார்லோ. ஒற்றை அலகு, கைப்பிடியின் தலைப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு இரும்புக் கவசம். சங்கச் செயலாளர் நடீன் கல்ப் அதன் கட்சி. மற்றொன்று வென்டல் முன்மொழிந்தது. அதுவும் ஒற்றை அலகுதான். ஆனால் கைப்பிடியின் ஓரத்தில் பிறைநிலா போல ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாக அலகை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து இழுக்கலாம். அலகின் பக்கவாட்டில் கீறிய நகக்குழியில் நகத்தை மாட்டி மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கையுறை போட்டு வேலை செய்தவர்களுக்காக வந்த வெட்டு இது, நூறு வருடத்துக்கு முந்தைய விலைப்பட்டியல்களிலேயே இருக்கிறது என்று வென்டல் அரைமணி நேரம் பேசினான். பழைய பட்டியல்களின் நகல்களைக்கூடக் கொண்டுவந்திருந்தான். மரம் அறுக்கும் பெர்டெட் கெஃபார்ட் அந்த மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோ கடிச்சிட்டு வச்ச பிஸ்கட் மாதிரி இருக்குப்பா" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. வென்டலும் சிரித்துவைத்தான்.

உண்மைக் காரணத்தை அவன் சொல்லவில்லை. ஜூனிலிருந்து வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. பிடி தளர்ந்துவிட்டது. சும்மா வைத்திருந்தால் மெல்ல நடுங்குகிறது. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிற கை அது. பட்டறையில் இதுவரை சமாளித்துவிட்டான். வரும் செவ்வாய்க்கிழமை ஈரி நகரத்தில் நரம்பு மருத்துவரைப் பார்க்க நாள் குறித்தாகிவிட்டது. விஷயம் அவன் மனைவி ஜெனெட்டுக்கு மட்டும் தெரியும்.

சங்கத்தில் அவனுக்கென்று ஒரு வேலை உண்டு. மே மாதம் பெட்டி வந்ததும் எல்லார் முன்னாலும் நாற்பது கத்தியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, அலகு நடுவில் நிற்கிறதா, ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்வது. போன வருடம் ஐந்தைத் திருப்பி அனுப்பினான். ஆலைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடமாக அவன் பார்த்துச் சொன்ன பிறகுதான் கத்தி உறுப்பினர் கைக்குப் போகிறது. பிறை வெட்டு வைத்த கத்தி என்றால் அடுத்த மேயிலும் அந்த மேசையின் தலைப்பக்கத்தில் நின்றுவிடலாம். பார்லோ என்றால் முதல் கத்தியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாதிரிகள் கைமாறிக்கொண்டிருந்தன. மூடிய கத்தியை வாங்க வேண்டும், தானே திறக்க வேண்டும், 'டக்' என்ற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், தானே மூடி அடுத்தவரிடம் தர வேண்டும். ஒருவர் திறந்த கத்தியை இன்னொருவர் மூடக் கூடாது. கெட்டது நடக்கும். ஒருமுறை உறுப்பினர் கோரி சூக் திறந்துவைத்த கத்தியைக் கெஃபார்ட் மறதியில் மூடிவிட்டான். அந்த வாரமே சூக்கின் வண்டி ஓடைக்குள் இறங்கியது. பிரேக் போய் ஆறு மாதமாகியிருந்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் அந்த வம்புக்குப் போனதில்லை.

பார்லோ முதல் சுற்றில் வந்தபோது வென்டல் கையில் காப்பிக் கோப்பை இருந்தது. திறக்காமலே அடுத்தவரிடம் தள்ளிவிட்டான். இரண்டாவது சுற்றில் ஜன்னலோரம் நின்றான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தான்.

மான் இறைச்சித் துண்டும் பாலாடைக்கட்டியும் வைத்த பலகையை நகர்த்திவிட்டு நடீன் ஓட்டெடுப்புக்குத் தாளை எடுத்தாள். தபால்காரி. முப்பது வருடம் வீடு வீடாகப் போனவள். எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும் என்று குரைக்குமுன்னே சொல்வாள்.

"வென்டல், நீ பார்லோவ இன்னும் திறக்கவே இல்லையே."

"பார்த்தாச்சு நடீன். எத்தனை பார்லோ பார்த்திருக்கேன்."

"பார்த்தது வேற, திறந்தது வேற. திறக்காதவங்களுக்கு ஓட்டு கிடையாது. இது நீ போட்ட விதிதான்."

அவள் கத்தியை மேசைமேல் வழுக்கிவிட்டாள். அது நேராக அவன் கோப்பையில் வந்து முட்டி நின்றது. அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். இடது கைக்கு மாற்றலாமென்றால் நகக்குழி இருப்பது வலது கைக்காரனுக்குத் தோதான பக்கத்தில். வென்டல் மூச்சை இழுத்துக்கொண்டு நகத்தைக் குழியில் மாட்டி இழுத்தான். அலகு எழுந்தது. பாதி தூரத்தில் 'டக்' என்று நின்றது. பழைய மாதிரிக் கத்திகள் அப்படித்தான். அலகு செங்குத்தாக நிற்கும் இடத்தில் ஒருமுறை தங்கும், அங்கிருந்து இன்னொரு இழுப்பு வேண்டும். அந்த இன்னொரு இழுப்பு அவன் விரலில் இல்லை. கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது.

கத்தியை மேசைமேல் வைத்தான். பாதி திறந்த வேலிப்படலைப் போல அது நின்றது.

பக்கத்தில் இருந்த கெஃபார்ட் கை நீட்டினான். நடீன் பேனாவால் அவன் விரல் முட்டியில் ஒன்று வைத்தாள். "தொடாதே. அவன் திறந்தது."

என்ன பொய் சொல்லலாம் என்று வென்டல் தேடினான். எண்ணெய், பசை, ஸ்பிரிங் கோளாறு. எதுவும் இந்தக் கூட்டத்திடம் ஒரு நிமிடம் தாங்காது.

"கட்டைவிரல் கேக்க மாட்டேங்குது," என்றான். "ஜூன்லேர்ந்து."

பிறகு கெஃபார்ட் தன் காற்சட்டைப் பையிலிருந்து போன வருடத்துச் சங்கக் கத்தியை எடுத்து மேசைமேல் போட்டான். கூடவே ஒரு சின்ன இடுக்கியையும் போட்டான்.

"ஜூன் என்னப்பா ஜூன். நான் இத வாங்கின நாள்லேர்ந்து ஒரு தடவகூட கையால திறந்ததில்ல."

சூக் தொண்டையைச் செருமினான். "நான் பல்லால."

"எந்தப் பல்லால? மேலயா, டம்ளர்ல இருக்கறதா?" என்றான் கெஃபார்ட்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உடைந்தார்கள். ஒருத்தன் கத்தியைப் பெட்டியை விட்டு எடுத்ததே இல்லை. இன்னொருத்தன் தன் மகளைத் திறக்கச் சொல்கிறான். நடீன் பழைய கடிதங்களின் நகல்களைப் புரட்டினாள். சுற்றுக்கு வரும் மாதிரிகளில் இருப்பது இளகிய ஸ்பிரிங். சங்கத்துக் கத்திகளுக்காக ஆலைக்கு எழுதும்போதுதான் விறைப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் கேட்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் ஐந்து. அப்புறம் ஆறு, ஏழு. போன வருடம் எட்டு. ஒவ்வொரு அக்டோபரிலும் யாராவது ஒருவர் இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும் என்பார். வேண்டாம் என்று முதலில் சொல்கிற ஆளாக இருக்க எவருக்கும் மனமில்லை. மேசையைச் சுற்றியிருந்த வீரத்தையெல்லாம் கூட்டிக் கூட்டி, வென்டலைத் தவிர ஒருவராலும் கையால் திறக்க முடியாத நாற்பது கத்தியை அவர்கள் காசு கொடுத்துச் செய்து வைத்திருந்தார்கள்.

ஓட்டெடுப்பில் பிறை வெட்டுக்கு எட்டு, பார்லோவுக்கு மூன்று. நடீன் கடைசிவரை பார்லோவுக்கே கை தூக்கினாள். அழகு அழகுதான் என்றாள். ஆலைக்கான புதுக் கடிதத்தில் விறைப்பு என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினாள்.

சிரிப்பும் கும்மாளமுமாக ஆட்கள் கலைந்தார்கள். போகிறபோது கெஃபார்ட் வென்டலின் முதுகில் தட்டி, இடுக்கி வேண்டுமானால் இரவல் தருகிறேன் என்றான். வென்டல் தலையாட்டினான். அவர்களுடையது நகம் தேய்ந்த கதை, வயதான கதை. தன்னுடையது அதுவல்ல என்று அவனுக்குத் தெரியும். கேட்டது என்னவோ கிடைத்துவிட்டது.

மேசைமேல் பார்லோ இன்னும் பாதியில் நின்றது.

"அத மூடிக் குடு. ஆலைக்குத் திருப்பி அனுப்பணும்," என்றாள் நடீன்.

அவன் அதைத் தொடையில் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் மூடினான். 'டக்'. மூடிய பிறகும் வலது கை நிற்கவில்லை. கத்தியும் அதோடு நடுங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நகம் இல்ல, இல்லையா?"

"செவ்வாய்க்கிழமை ஈரி போறேன். போனாத்தான் தெரியும்."

அவள் ஐயோ என்றோ அடடா என்றோ சொல்லவில்லை. கடிதத்தின் கடைசி வரியைக் காட்டினாள். பரிசோதிப்பவர் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"மே மாசம் நான் திறக்கறேன். நீ வெளிச்சத்துல பாரு. சரியா தப்பான்னு சொல்லு. திறந்த நானே மூடிடறேன்."

"அப்போ எனக்கு அங்க என்ன வேலை?"

"குறை சொல்றது. அதுக்கு என்னிக்கு உனக்கு விரல் தேவைப்பட்டிருக்கு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. மே மாதத்தில் தன் கை எப்படி இருக்கும், கண்ணும் தலையும் எப்படி இருக்கும், யாருக்குத் தெரியும்?

"செவ்வாய் கழியட்டும் நடீன்."

"கடிதம் திங்கட்கிழமை போகுது."

வென்டல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வண்டியில் ஏறிச் சாவியை வலது கையால் துளையில் வைக்கப் பார்த்தான். இரண்டு முறை தவறியது. இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து திருகினான். எஞ்சின் உறுமியது. கண்ணாடி வழியே, பின்னறையில் அவள் கோப்பைகளை அடுக்குவது தெரிந்தது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கித் திரும்பி நடந்தான்.

வாசலில் நின்றபடியே சொன்னான்.

"என் பேர எழுது. ஆனா பென்சில்ல எழுது."

நடீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து பென்சில் தேட ஆரம்பித்தாள்.