கண் டாக்டருக்குப் போன நாட்கள்

மின்மயானத்துக் குழாயடியில் மருமகள் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து தோளைத் தட்டினாள்.

"இனிமே உனக்கு நிம்மதிதான் போ. கொஞ்சமா பட்டே?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

காலையிலிருந்து பலபேர் இதைச் சொல்லிவிட்டார்கள். கணவனின் சித்தப்பா கொஞ்சம் நாகரிகமானவர். "அண்ணி கறார்தாம்மா. நீ பொறுத்துப் போனே பாரு, அதுதான் பெரிசு" என்று முடித்துக்கொண்டார். நாத்தனாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதவர்களெல்லாம் மருமகளிடம் வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுப் பாராட்ட ஆரம்பித்தார்கள். அவள் சோப்பை எடுத்து இன்னொரு முறை தேய்த்தாள். அவளுக்கு அழ வேண்டும்போல்தான் இருந்தது. யாரும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மாமியாரும் அவளும் எலியும் பூனையுமாக இருந்தது தெருவுக்கே தெரியும். மாமியார் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க ஹோட்டல் ஹோட்டலாகப் புகுந்து அடுப்படியை மோந்து பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு மோந்து பார்க்க ஒரே ஓர் அடுப்படிதான் மிச்சமிருந்தது. அது மருமகளுடையது. அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளியில் ஒரு வாய் சாப்பிட்டு வளர்ந்தவர்களில்லை. "நான் பார்த்ததை நீங்க பார்த்திருந்தா பச்சைத் தண்ணி இறங்காது" என்பார். நேற்றுக் காலை குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர், துண்டோடு அப்படியே சாய்ந்துவிட்டார்.

கணவன் அலுவலக அறையிலிருந்து வந்தான். "சாம்பல் சாயங்காலம்தான் தருவாங்களாம். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரமில்ல."

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போக, மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். நாத்தனார் சிமெண்ட் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி கேட்டு ராத்திரி பஸ்ஸில் வந்தவள். நேற்றிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, உதடு வெளுத்துக் கிடந்தது.

"எங்கேயாவது கொஞ்சம் சாப்பிட்டு வந்துடலாம். இவ மயக்கம் போட்டு விழுந்துடுவா" என்றான் கணவன்.

"வெளியிலயா? இன்னிக்கா? அம்மா எழுந்து வந்து அடிப்பாங்கண்ணா" என்று நாத்தனார் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முகம் கோணிக்கொண்டது.

ராத்திரி முழுக்கத் தூங்காத கணவன் கை பழகிய வழியில் வண்டியைத் திருப்பினான். வழி புரிந்ததும் மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க போறோம்?"

"அம்மாவோட கண் டாக்டர் பில்டிங். கீழ ஒரு கடை இருக்குல்ல, கொரியாவையும் வெள்ளைக்காரனையும் ஒரே சட்டியில போட்டு வதக்குற கடை. வண்டி நிறுத்த இடம் இருக்கும்."

"அங்க வேணாங்க. காரமா இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போர்டைப் பார்த்தாலே தெரியாதா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெரியாமலென்ன! முதல் முறை போனது ஒரு மழை நாளில். கண்ணை விரிய வைக்க டாக்டர் சொட்டு மருந்து விட்டிருந்தார். மாமியாருக்கு எல்லாம் புகையாகத் தெரிந்தது. கணவன் வர நேரமாகும். வெளியே நிற்க முடியாமல் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். சமையலறையிலிருந்து மிளகாய் விழுதும் உருகும் சீஸும் சேர்ந்த வாசனை வந்தது. மாமியார் மூக்கைச் சுருக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுருக்கினார்.

"உள்ள போய்ப் பாருடி" என்றார் திடீரென்று.

"என்னத்த அத்தை பார்க்கணும்?"

"எனக்குத்தான் கண்ணு தெரியலயே. நீ பார்த்துச் சொல்லு. ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை விரலால இழுத்துப் பாரு, மடிப்புல கறுப்பு இருக்கான்னு. தொட்டிக்கு அடியில தொட்டுப் பாரு, காஞ்சிருக்கணும். துடைக்கிற துணி எங்க கிடக்குதுன்னு பாரு. கடைசியா சமைக்கிறவன் நகம்."

போய்ப் பார்த்தாள். துணி மட்டும் குழாய்மேல் ஈரமாகக் கிடந்தது. மாமியார் எழுந்து, தட்டுத் தடுமாறிப் போய், சமையற்காரருக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வந்தார். பிறகு கேட்டார்: "என்ன சொல்ற, சாப்பிடலாமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் அபிப்பிராயம் அது. "சாப்பிடலாம் அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகு, வீட்டில் சொல்கிற கணக்குக்கு, கண் மோசமாகிக்கொண்டே போனது. டாக்டர் கூப்பிடாத நாட்களிலும் போகவேண்டியிருந்தது. சொட்டு மருந்து இல்லாத நாளிலும் உள்ளே போய்ப் பார்த்து வருவது மருமகளின் வேலை. "உன் கண்ணு போதும்" என்பார் மாமியார். விரல் நீள அரிசி உருண்டைகளைச் சிவப்புக் குழம்பில் புரட்டி, மேலே சீஸ் உருக்கி, இரும்புச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். கிம்ச்சியை "புளிச்ச கோஸ்" என்று திட்டிக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். பரிமாறுகிற பெண்ணுக்குக் குதிரைவால் என்று பெயரும் வைத்துவிட்டார். கார் சத்தம் கேட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் நல்லா சண்டை போடு. இல்லன்னா சந்தேகம் வரும்" என்பார்.

ஒருநாள் மட்டும் சிரிக்காமல் சொன்னார். "நான் செத்தாலும் இதை யார்கிட்டயும் சொல்லாத. என் பொண்ணுக்குத் தெரியவே கூடாது. யார் வீட்டுப் பிறந்தநாள்லயோ அவ வாய்ல வச்ச கேக்கை எல்லார் முன்னாடியும் துப்ப வச்சவ நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட சொல்லுவேன்?"

மருமகள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கடையில் கூட்டமில்லை. குதிரைவால் சிரித்துக்கொண்டே ஓடி வந்தவள், மூவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மருமகள் அவசரமாக வேண்டாமென்று தலையை ஆட்டினாள். குதிரைவால் அவள் முகத்தைப் பார்த்தாள், நாத்தனாரின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். கணவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் கேட்காமலே வழக்கமானதைக் கொண்டுவந்தாள். இரும்புச் சட்டியில் சீஸ் கொதித்தது. பழக்க தோஷத்தில், சுவரோர நாற்காலிக்கு முன்னால் கிம்ச்சிக் கிண்ணங்கள் இரண்டை வைத்துவிட்டுப் போனாள். அந்த நாற்காலியில் யாருமில்லை.

கணவன் ஒரு வாய் எடுத்தான். பசி அவனைக் கேள்வி கேட்க விடவில்லை. நாத்தனார் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"சாப்பிடும்மா" என்றாள் மருமகள்.

"முடியல அண்ணி. அந்த அடுப்படி எப்படி இருக்கோ. அம்மா எரிஞ்சுகூட முடிஞ்சிருக்காது, அதுக்குள்ள நான் இங்க வந்து..." தண்ணீர் டம்ளரை எடுத்தாள். அதையும் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

மருமகள் அந்த டம்ளரைப் பார்த்தாள். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம், பசியோடு உட்கார்ந்திருக்கும் அவர் பெண் ஒருபுறம். யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "இரு, வரேன்" என்று எழுந்தாள்.

அவள் உள்ளே வந்ததும் சமையற்காரர் வழக்கம்போல ஒதுங்கி நின்றார். அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டி நகத்தைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது, குதிரைவால் சொல்லியிருப்பாள். மருமகள் ஃப்ரிட்ஜ் ரப்பரை இழுத்துப் பார்த்தாள். குனிந்து தொட்டிக்கு அடியில் தொட்டுப் பார்த்தாள். துடைக்கும் துணி, மாமியார் சண்டை போட்டு அடிக்க வைத்த ஆணியில், விரித்துக் காயப்போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளால் நிமிர முடியவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே கொஞ்ச நேரம் அழுதாள். சமையற்காரர் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "சாப்பிடலாம்" என்றாள்.

நாத்தனார் அவளையே பார்த்தாள். "ஃப்ரிட்ஜ் ரப்பர் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அடியில?"

"காஞ்சிருக்கு."

"துணி?"

"ஆணியில தொங்குது."

நாத்தனாரின் பார்வை சுவரோர நாற்காலிக்குப் போனது. அங்கிருந்த இரண்டு கிண்ணங்களுக்கு, சமையலறை வாசலில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த குதிரைவாலுக்கு, பிறகு அண்ணியின் சிவந்த கண்களுக்கு.

"அம்மா இங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

"கண் டாக்டருக்குப் போற அன்னிக்கு."

கணவனின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. "ஒவ்வொரு தடவையும் நான்தானே கொண்டு வந்து விட்டேன்" என்றான் பரிதாபமாக. யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒரு குச்சி ஐஸ்கூட வாங்கித் தந்ததில்ல அண்ணி."

"தெரியும்மா. அதை நினைச்சுத்தான் உங்கிட்ட மறைச்சாங்க."

சட்டியில் கொதி அடங்கி, சீஸ்மேல் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. நாத்தனார் அதை எட்டிப் பார்த்தாள்.

"இதுல அவங்களுக்கு எது பிடிக்கும்?"

"ஓரத்துல தீஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு பாரு. அதுக்குத்தான் ரெண்டு பேருக்கும் சண்டை வரும்."

நாத்தனார் ஸ்பூனை எடுத்தாள். அம்மா பழக்கியிருந்தபடி அதைத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்துத் தீய்ச்சலைப் பொறுமையாகச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினாள். அவ்வளவையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்து, அண்ணியின் தட்டில் வைத்தாள்.