ஓரம் சுருட்டும் கால்

பெரியவள் கடைசியாகச் செய்த காரியம், தையல் மெஷினின் லீவரைத் தூக்காமல் எழுந்து போனதுதான்.

அது அவள் வழக்கமே இல்லை. "ஆள் எழுந்தா காலும் எழுந்துக்கணும்" என்பது அவள் போட்ட சட்டம். துணியை அமுக்கிப் பிடிக்கிற அந்தச் சின்ன இரும்புத் துண்டைக் கடைக்காரர்கள் பிரஷர் ஃபுட் என்பார்கள். இந்த வீட்டில் அதற்குப் பெயர் கால், அவ்வளவுதான். சும்மா இறக்கி விட்டால் கீழே இருக்கிற பல்லில் உரசித் தேய்ந்துபோகும் என்று, தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட லீவரை ஒரு தட்டுத் தட்டி மேலே தூக்கிவிட்டுத்தான் எழுவாள். அன்றைக்கு ஒரு லாட்ஜுக்குக் கொடுக்க வேண்டிய மெல்லிய திரைச்சீலை, பாதி ஓரம் மடிந்து ஓடிக்கொண்டிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொல்லைக் கொடியில் துணி கிடந்தது.

"நான் போய் எடுத்துட்டு வரேங்க்கா" என்றாள் சின்னவள். அவள் மெஷினுக்குப் பின்னால் நின்று துணியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போனா கொடியையும் சேத்து எடுத்துட்டு வருவே. லீவரைத் தூக்காதே, மடிப்பு கலைஞ்சுடும். அப்படியே இருக்கட்டும், வந்துடறேன்."

கொல்லையில், கையில் ரெண்டு கிளிப்போடு விழுந்தாள். டாக்டர் வந்து பார்க்கும்போது உயிர் இருக்கவில்லை. மழை கடைசிவரை வரவேயில்லை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் பெரியவள், தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்றுதான் ஊர் நினைக்கும். துக்கம் கேட்க வந்தவர்கள் பெரியவளின் புருஷனின், சின்னவளுக்கு அத்தானின், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சின்னவளைப் பார்த்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வா என்றார்கள். ஒரு உறவுக்காரி அடுப்படிவரை வந்து, "இனிமே உன் ராஜ்ஜியம்தான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். சின்னவள் தலையாட்டினாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். காரியம் முடிந்ததும் மறுபடி ரோட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும் அத்தானும், நடு அறையில் மெஷினும்தான் மிச்சம்.

மெஷினில் திரைச்சீலை அப்படியே இருந்தது. ஊசி துணிக்குள் இறங்கியிருந்தது, லீவர் கீழே இருந்தது. சின்னவள் அதைச் சுற்றிக்கொண்டு பெருக்கினாள், சுற்றிக்கொண்டு துடைத்தாள்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தபோது அத்தான் சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஒருத்தன் வரான். பழைய மெஷினை எடுத்துக்கிட்டு புதுசு கொடுக்கிறவன். புதுசு வேண்டாம், இதை எடுத்துட்டுப் போனா போதும்னு சொல்லியிருக்கேன்."

"எதுக்கு அத்தான்?"

"யாரும்மா தைக்கப் போறா?"

"நான்."

"நீ இழுப்பே. தைச்சவ அவ இல்ல?" அவர் மெஷின் இருந்த பக்கம் திரும்பவில்லை. "அந்தப் பக்கம் போனாலே, இப்ப வந்து உக்காந்துடுவான்னு இருக்கு. முடியலம்மா."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மெல்லிய துணியின் ஓரத்தை நூல்போல ரெண்டு மடிப்பாக மடித்து ஊசிக்குக் கொடுக்கப் பெரியவளின் ரெண்டு கை வேண்டும். அது சுருங்காமல் பின்னால் இழுத்துப் பிடிக்கச் சின்னவளின் ரெண்டு கை வேண்டும். நாலு கை வேலை அது. இரண்டு கையால் அதைச் செய்ய ஒரே வழிதான் உண்டு: ஓரம் சுருட்டும் கால். முன்பக்கம் சங்குபோல ஒரு சுருள் இருக்கும். துணியை அதற்குள் விட்டால் தானே சுருண்டு மடிந்து ஊசிக்குப் போகும். அது கிடைத்தால் மெஷின் இந்த வீட்டில் இருக்கும். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை திரைச்சீலையோடு சேர்ந்து வண்டி ஏறிவிடும்.

ஆனால் அந்தக் கால் இந்த மெஷினுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரியவள் தேடாத கடை இல்லை. மெஷினில் இருந்த காலின் ஒரு விரல் எப்போதோ ஒடிந்து, பட்டறையில் ஒட்டவைத்தது. அதையே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டலாமே என்று சின்னவள் ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். "நெருப்புல வெந்த கால்டி அது. அது காட்டுற அளவை நம்பச் சொல்றியா?" என்று பெரியவள் அவள் வாயை அடைத்துவிட்டாள். அதற்குப் பதிலாகத் தடித்த சிவப்பு நூல் ஒன்று வைத்திருந்தாள். கீழ்த்தட்டிலிருந்து, காலை மாட்டுகிற திருகுவரை அளந்து, ரெண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட நூல். எந்தக் கடைக்குப் போனாலும் முந்தானையிலிருந்து அதைத்தான் எடுப்பாள். நூலோடு ஒத்துப்போகிற காலை வாங்கி வருவாள். மாட்டினால் தட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். துணி நுழைய இடம் இருக்காது.

"ஏமாத்துப் பசங்க. நாலு கால் வாங்கியும் ஒண்ணு நடக்க மாட்டேங்குது."

"நாலு கால் இருந்தா மேயத்தாங்க்கா போகும்."

"வாயைப் பாரு. இழு, இழு."

சோப்பு டப்பாவில் அந்த நெட்டைக் கால்கள் கிடந்தன. சிவப்பு நூலும் அதில்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை, அடுப்பு வேலை முடிந்த கையோடு, சின்னவள் நூலை எடுத்தாள். இதையே எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை அலைவதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை தோன்றவில்லை. கிளம்புவதற்குமுன், நூல் நைந்து நீண்டிருக்குமோ என்று சும்மா ஒத்துப் பார்க்கக் குனிந்தாள். லீவரை அவள் தொடவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

கீழ் முடிச்சைத் தட்டில் வைத்து நூலை நீட்டினாள். மேல் முடிச்சு திருகைத் தாண்டிப்போய் நின்றது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் தாண்டியது. நைந்த நூலுக்கு இவ்வளவு வித்தியாசம் வராது. கொஞ்சநேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தரையில் உட்கார்ந்து மெஷினின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விளங்கியது. கால் தூக்கியிருக்கும்போது திருகும் மேலே போய்விடும். பெரியவள் எழுந்து நின்றுதான் அளப்பாள், எழுந்தால் லீவரைத் தூக்கிவிடுவாள். இந்த மெஷினைக் கால் இறங்கி நிற்கும்போது யாருமே அளந்ததில்லை. இத்தனை வருஷமும் நூல் காட்டியது, தூக்கிய காலின் உயரத்தை.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, நீ திட்டின அத்தனை கடைக்காரனும் பாவம்!" என்று அடுப்படிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டாள். அடுப்படி காலியாக இருந்தது. இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. சின்னவள் மெஷின் மேடையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் கேட்டு யாரும் வரவில்லை.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு வெள்ளை நூலை எடுத்து, இறங்கிய காலை அளந்து முடிச்சுப் போட்டாள்.

உதிரிபாகக் கடை சந்துக்குள் சந்தில் இருந்தது. கடைக்காரர் போனில் யாரிடமோ வாடகைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"கால் வேணுங்க."

"செயற்கைக் கால் அடுத்த தெரும்மா" என்றவர், நிமிர்ந்து பார்த்துப் போனைக் கீழே வைத்தார். "அட, முடிச்சம்மா வீட்டு ஆளா? அவங்க வெளிய நிக்கிறாங்களா?" கழுத்தை நீட்டித் தெருவைப் பார்த்தார். பயம்தான்.

"இல்ல. வரல."

"அப்பாடா. தப்பா நினைச்சுக்காதீங்க. போன தடவை அவங்க கொடுத்த கொடுப்புல ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல." ஒரு தட்டு நிறையக் கால்களைக் கொட்டினார். "எது எதுக்குச் சேரும்னு எனக்கே தெரியாது. நீங்களே பொறுக்கிக்குங்க."

ஜிப் தைப்பது, சுருக்கம் வைப்பது, பட்டன் துளை போடுவது என்று எல்லாம் கலந்து கிடந்தன, மீன்முள் குவித்ததுபோல. சின்னவள் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளை நூலை ஒத்துப் பார்த்தாள். கண் எரிந்தது, விரல் நுனியெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. அடியில் ஒரு குட்டைக் கால் கிடந்தது. முன்னால் சங்குச் சுருள். நூல் சரியாக உட்கார்ந்தது.

கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். "இதையேதான் அன்னிக்கு நீட்டினேன்! மூஞ்சில எறியாத குறை. இது குட்டை, உனக்குக் கண்ணு இல்லையான்னாங்க. இப்ப மட்டும் எப்படிச் சேருது?"

"சேருது."

"அவங்ககிட்ட சொல்லுங்க, நான் ஏமாத்துக்காரன் இல்லன்னு."

"சொல்றேன்" என்றாள் சின்னவள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. புதுக் காலை மாட்ட வேண்டுமென்றால் பழசைக் கழற்ற வேண்டும், அதற்கு லீவரைத் தூக்க வேண்டும். கடையிலிருந்து வீடு வரைக்கும் அதை நினைக்காமல் வந்துவிட்டாள். இப்போது லீவரில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

சின்னவள் சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை மேலே ஏற்றினாள். பிறகு லீவரைத் தூக்கினாள். பெரியவள் மடித்துப் பிடித்திருந்த ஓரம் மெதுவாக விரிந்துகொண்டது. அவள் நகத்தால் கீறிய கோடு மட்டும் துணியில் ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்தது.

திருகைக் கழற்றிக் குட்டைக் காலை மாட்டினாள். துணி நுழைந்தது. சுருளுக்குள் ஓரத்தை விட்டு, மெதுவாக மிதித்தாள். முதலில் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்து மறுபடி விட்டாள். இந்த முறை சுருண்டு, மடிந்து, ஊசிக்கு அடியில் தானாகப் போயிற்று. பெரியவளின் மடிப்பைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. பின்னால் யாரும் இழுக்கவில்லை.

அத்தான் ஒருவழியாக உள்ளே வந்து, துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் அலைஞ்சா. கிடைக்கல. உனக்கு எப்படிம்மா ஒரே நாள்ல கிடைச்சுது?"

சின்னவள் மிதிப்பதை நிறுத்தினாள். சொன்னால் அவரும் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு, அவள் வீணாக அலைந்த தெருக்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வார்.

"இப்பதான் புதுசா வரவழைச்சிருக்கானாம். அக்கா கேட்டுக்கிட்டே இருந்தாங்களே, அதனால."

"அவளை ஏமாத்த முடியாது" என்றார் அத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் மெஷின் எடுக்கிறவன் வந்து வாசலில் குரல் கொடுத்தான். அத்தான் போய், "கால் கிடைச்சுடுச்சுப்பா. நீ போயிட்டு வா" என்றார். யாருடைய கால் என்று அவன் கேட்டதும், அவர் ஏதோ சொன்னதும், உள்ளே மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

லாட்ஜுத் திரைச்சீலையைத் தைத்து முடித்ததும் சின்னவள் எழுந்தாள். கை தானாக லீவரைத் தட்டித் தூக்கியது. சிவப்பு நூலைச் சோப்பு டப்பாவில், நெட்டைக் கால்களின்மேல் வைத்தாள். டப்பாவை மூடப்போனவள் மெஷினுக்குத் திரும்பி வந்து, லீவரை ஒருமுறை இறக்கி, டேப்பை வைத்துப் பார்த்தாள். தட்டிலிருந்து திருகுவரை அரை அங்குலம். எப்போதும் அவ்வளவுதான் இருந்திருக்கிறது.